வண்டியைப் பழுது பாருங்கள், பலம் ஏற்றாதீர்கள்



நம் கடையில் இருக்கிற மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரை வைத்துக்கொள்கிறோம். ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் வாடிக்கையாளர் கேட்கிறாரோ இல்லையோ, நமக்கே மனசு ஒப்பாது. ஆனால் கோயம்பேட்டிலிருந்தோ கொத்தவால்சாவடியிலிருந்தோ சரக்கு ஏற்றிவருகிற நம் சொந்த வண்டியில் இன்று காலை எத்தனை கிலோ ஏறியது என்று யாராவது கேட்டால், "ஒரு லோடு" என்பதுதான் பதில். நானும் பதினான்கு வருடம் அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கான விலையைக் கொடுத்த பிறகு, நம் இதழில் இரண்டு பக்கம் எழுதலாம் என்று துணிந்தேன்.

திருவான்மியூரில் மளிகை, காய்கறி, பாத்திரம், ஹார்டுவேர் என்று எந்தக் கடையை எடுத்தாலும் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய குட்டி யானை நிற்கும். டாடா ஏஸ் என்று கம்பெனி பெயர் வைத்தாலும் நம் ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. அது 2005இல் வருவதற்கு முன்பு நமக்கு என்ன வசதி இருந்தது? மாட்டு வண்டி, டிரைசைக்கிள், கொஞ்சம் பெரிய கடைக்கு மடடோர். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு 20 வேனை ஞாபகம் வைத்திருக்கும் மூத்த வியாபாரிகளும் நம்மிடையே உண்டு. மற்றவர்கள் மீன்பாடி வண்டியில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மாட்டி ஓட்டினார்கள். அதுவும் ஒரு மாற்றியமைத்தல்தான். கோர்ட்டும் போலீசும் தடுத்தும் முழுதாக நின்றபாடில்லை. ஆகவே வண்டியை நம் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்வது நம் ஊருக்குப் புதிதல்ல.

குட்டி யானை நம் தொழிலுக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்தது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி. இண்டிகா காரின் 1,405 சி.சி. டீசல் இன்ஜினில் சரிபாதி. 1996இல் காய்கறி மார்க்கெட் கொத்தவால்சாவடியை விட்டுக் கோயம்பேடு போன பிறகு நம் பகுதிக்காரர்களுக்குத் தூரம் ஒரு பிரச்சனையாகிவிட்டது. பெரிய லாரி மாட வீதிக்குள் திரும்பாது. பங்குனித் திருவிழா சமயத்தில் தேர் ஓடும் தெருக்களை அடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்திலும் சந்து பொந்தெல்லாம் நுழைந்து கடை வாசலுக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தச் சின்ன வண்டிதான். என் வண்டி 2008இல் வாங்கியது. டி.என். 07. அந்த எண்ணைத் தருகிற ஆர்.டி.ஓ. அலுவலகமே நம் திருவான்மியூரில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த அலுவலகத்துக்குப் போய் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. எஃப்.சி.க்குப் புரோக்கர் இருக்கிறார், நமக்கென்ன கவலை என்றிருந்தேன்.

வண்டி வாங்கி ஆறேழு வருடத்தில் பின்பக்கம் தாழ ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டை சேத்துடலாம். அப்புறம் ஒண்ணரை டன் அடிச்சாலும் ஆடாது" என்றார். தளம் துருப்பிடித்திருந்தது. "அதுமேல செக்கர் பிளேட் அடிச்சிடலாம், பத்து வருஷம் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். பக்கப் பலகையையும் ஒன்றரை அடி உயர்த்தி ஆங்கிள் அடித்தார். வண்டி கம்பீரமாக நின்றது. பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே வேலையைச் செய்துகொண்டார்கள்.

2022 தீபாவளிக்கு முந்தின வாரம். கோயம்பேட்டிலிருந்து நூறடி சாலை, கத்திப்பாரா, கிண்டி, மத்திய கைலாஷ் எல்லாம் தாண்டி வந்துவிட்டது. எல்.பி. ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்க இடது ஸ்பிரிங் கட்டைப் பிடித்திருக்கிற பிராக்கெட் சேஸிஸிலிருந்து தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உயர்த்திய பலகைக்கு மேலேயும் மூட்டை அடுக்கியிருந்தோம். மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவந்த கடைப் பையன் ரோட்டில் விழுந்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் சுதாரித்துப் பிரேக் போட்டதால் கையோடு போயிற்று. அந்த டிரைவரின் முகத்தை இன்றும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு, மூன்று மாதச் சம்பளம் எல்லாம் நான் கொடுத்தேன். இன்சூரன்ஸ் பக்கம் போகவே இல்லை, போக முகமில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருக்கிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று இரவு உட்கார்ந்து பில்களைக் கூட்டினேன். அரிசி 40 சிப்பம், சிப்பம் 26 கிலோ, ஆக 1,040. சர்க்கரை 5 மூட்டை, 250. எண்ணெய் டின் 10, ஒன்று 15 கிலோ, ஆக 150. மொத்தம் 1,440 கிலோ. என் வண்டியின் கொள்ளளவு 750. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சிப்பம் ஏன் 26 கிலோ என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள். வரி மிச்சம். ஆனால் முன்பு 30 சிப்பம் ஏற்றினால் சரியாக 750 கிலோ. 26 கிலோ சிப்பத்தில் அதே 30 ஏற்றினால் 780. மூட்டையை எண்ணி ஏற்றுகிற நமக்கு இந்த முப்பது கிலோ கண்ணில் படவில்லை.

இனி, பட்டை சேர்ப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஸ்பிரிங் பட்டை கூடினால் வண்டியின் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். பாரம் குறைந்துவிடவில்லை. அந்தப் பாரத்தை ஹவுசிங் சுமக்க வேண்டும், வீல் பேரிங் சுமக்க வேண்டும், பன்னிரண்டு அங்குல டயர் சுமக்க வேண்டும், பிரேக் நிறுத்த வேண்டும். இவை எதிலும் நாம் கை வைக்கவில்லை. எடை இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் வருகிற வண்டியை நிறுத்தப் பிரேக் லைனிங் இரண்டு மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும். முன்பெல்லாம் பின்பக்கம் தாழ்ந்தால் டிரைவருக்கே ஒரு பயம் வரும், "போதும்" என்பார். பட்டை சேர்த்த பிறகு அந்த எச்சரிக்கையும் போய்விட்டது. இன்னொன்று, காலி வண்டி ஓடும்போது விறைத்துப்போன ஸ்பிரிங் கொஞ்சமும் வளையாமல் ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் நேராக சேஸிஸுக்கு அனுப்புகிறது. என் வண்டியில் பிராக்கெட் பிய்த்துக்கொண்டது ஒரே நாளில் நடந்ததல்ல. பல வருடம் மெல்ல மெல்ல விரிசல் விட்டு, தீபாவளி லோடில் முடிந்தது.

செக்கர் பிளேட் கதையைக் கேளுங்கள். மூன்று மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ. குட்டி யானையின் தளம் மூன்று சதுர மீட்டர் சுமார். அதாவது 75 கிலோ, மூன்று சிப்பம் அரிசி, நிரந்தரமாக வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. விபத்துக்குப் பிறகு வண்டியை ஒப்பேற்றி எடை மேடையில் நிறுத்திக் காலியாக எடை பார்த்தேன். பிளேட், பலகை ஆங்கிள், சேர்த்த பட்டை எல்லாமாக ஆர்.சி.யில் உள்ள காலி எடையைவிட 130 கிலோ அதிகம். பலம் ஏற்றுவதாக நினைத்துக் காசு கொடுத்து வண்டியின் கொள்ளளவை 620 கிலோவாகக் குறைத்துக்கொண்டிருந்தேன். பழைய 25 கிலோ சிப்பமானாலும் 24க்கு மேல் ஏற்றக் கூடாது. அன்று ஏற்றியது 40, அதற்கு மேல் சர்க்கரையும் எண்ணெயும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. இன்ஜினை மாற்றுவது போன்ற காரியங்களுக்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். அதே 2019இல் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக பாரத்துக்கு ரூ. 20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000, அந்தச் சரக்கை அங்கேயே இறக்குகிற செலவும் நம்முடையது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில், என் வண்டி பட்டறையில் கிடந்தபோதுதான், அமலுக்கு வந்தன. கோயம்பேட்டுக்கு ஒரு நடை கூடுதலாகப் போய்வந்தால் எனக்கு டீசல் இருநூறு ரூபாய் சொச்சம். ஒரே ஒரு முறை பிடிபட்டால் நூறு நடைக்கான டீசல் போச்சு.

இதையெல்லாம் படித்துவிட்டு, பழைய வண்டியே வேண்டாம், புதிது வாங்கிவிடலாம் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். தில்லியில் 10 வருடம் கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் ஊரில் அப்படி ஒரு வயது வரம்பு வரவில்லை. எட்டு வருடம் தாண்டினால் வருடாவருடம் எஃப்.சி., பதினைந்து தாண்டினால் 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் பல மடங்கு. அது வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் மாதத் தவணை கட்டுவதோடு ஒப்பிட்டால் தாங்கும். மேலும் ஆரம்ப கால ஏஸில் மெக்கானிக்கல் பம்ப். தெருமுனை மெக்கானிக் ஸ்பேனரை வைத்துக்கொண்டே பார்த்துவிடுவார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். 2025 ஜூனில் 3.99 லட்சத்தில் ஏஸ் புரோ என்று புதிதாக வந்திருக்கிறது. அதன் கொள்ளளவும் அதே 750 கிலோதான் என்பதைக் கவனியுங்கள். இருபது வருடம் கழித்து வந்த இந்த வண்டியிலும் கம்பெனிக்காரர் கூட்டாத பாரத்தை நாம் இரண்டு பட்டையில் கூட்டப் பார்க்கிறோம்.

ஆகவே பழுது பார்க்க வேண்டியதுதான். எதை, எப்படி என்பதில்தான் நம் பணம் வீணாகிறது.

நம் பகுதியில் வண்டிக்கு முதல் எதிரி கடல் காற்று. ஆனால் அதைவிடப் பெரிய எதிரி நம் சரக்கே. உப்பு மூட்டை கசிகிறது, வெல்லம் இளகுகிறது, புளியும் எண்ணெயும் சிந்துகிறது, மழையில் நனைந்த சாக்கு ஒரு நாள் முழுக்கத் தளத்தில் கிடக்கிறது. அதன் மேல் பிளைவுட்டோ ரப்பர் மேட்டோ விரித்து வைக்கிறோம். மேலே பார்க்கச் சுத்தம், அடியில் ஈரமும் உப்பும் சேர்ந்து தகட்டைத் தின்றுகொண்டிருக்கும். என் வண்டியில் செக்கர் பிளேட்டை வெட்டி எடுத்தபோது பழைய தளம் அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. துருவின் மேல் தகடு அடிப்பது, சீழ் வைத்த புண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவது போலத்தான். துருப்பிடித்த பகுதியை முழுவதுமாக வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து, அடியில் குறுக்குச் சட்டங்களைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிரைமர் இரண்டு கோட் அடித்து, பிறகு பெயின்ட் அடிக்க வேண்டும். தளத்தில் தண்ணீர் வடிவதற்கு இருக்கிற துளைகளைப் பெயின்ட்டால் அடைத்துவிடக் கூடாது. சிலர் துருப்பிடிக்காது என்று கருப்பு ஆயிலை வண்டி அடியில் பூசச் சொல்வார்கள். சேஸிஸுக்கு அது பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். புஷ்ஷிலும் பிரேக் ஹோஸிலும் பட்டால் ரப்பர் ஊறிப் போகும். அதைவிட வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை அடித்துக் கழுவினாலே போதும். உப்புச் சரக்கு வந்த அன்று கட்டாயம் கழுவ வேண்டும்.

சேஸிஸ் விஷயத்தில் தயவுதாட்சண்யம் கூடாது. சுத்தியலால் நெடுக்குச் சட்டம் முழுவதும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மங்கிக் கேட்டாலும் துரு பொரிந்து விழுந்தாலும் கவனிக்க வேண்டும். சுத்தியல் உள்ளே போனால் அந்த வண்டியை விட்டுவிடுவதுதான் மரியாதை. விரிசல் சின்னதென்றால், அதன் நுனியில் துளை போட்டு, விரிசலை V போலத் தோண்டி, அனுபவமுள்ளவர் வெல்டிங் வைக்க வேண்டும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்பில் குறுக்காக வெல்டிங் இழுத்தால் சூடு பட்ட இடமே அடுத்த விரிசலுக்குத் தொடக்கம் ஆகிவிடும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆல்டர்னேட்டருக்குத் தனியாக ஒரு பில் வரும்.

ஸ்பிரிங் தாழ்ந்திருந்தால் பட்டை சேர்க்காமல், பழைய கட்டைக் கழற்றிவிட்டு அதே எண்ணிக்கையில் புதுப் பட்டை, புது புஷ், புது யு போல்ட் போடுங்கள். என் வண்டி நிமிர்ந்துகொண்டது, அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. இன்ஜினில் புகை வந்தால் உடனே போரிங் என்று பயந்துவிட வேண்டாம். முதலில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், பெல்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சின்ன இன்ஜினை அதிக பாரத்தில் இரண்டாவது கியரிலேயே இழுத்து, சூடேற்றி, ஹெட் காஸ்கெட்டைக் கெடுப்பது நாம்தான். வெள்ளத் தண்ணீர் ஏறிய வண்டியைச் சாவி போட்டுப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 2015 டிசம்பரில் வேளச்சேரி, கோட்டூர்புரம் பக்கம் தண்ணீர் நின்றபோது, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்று ஆசைப்பட்டு இன்ஜினைத் தொலைத்த நண்பர் எனக்கு உண்டு.

உதிரி பாகத்துக்கு நமக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. கதவு, கண்ணாடி, பம்பர், சீட் பிரேம், டெயில் லாம்ப் எல்லாம் புதுப்பேட்டையில் பழசாக வாங்கலாம், பாதிக் காசு மிச்சம். பிரேக் சிலிண்டர், லைனிங், ஹோஸ், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆகியவற்றைப் பழசில் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழைய இன்ஜின் வாங்கினால் எண்ணும் பில்லும் இல்லாமல் வாங்க வேண்டாம். வண்டியையே அங்கே உடைக்கக் கொடுப்பவர்கள், ஆர்.சி.யை ரத்து செய்யாமல் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. உங்கள் எண்ணில் வேறு வண்டி எங்கே ஓடுகிறதென்று யாருக்குத் தெரியும்?

தளம், சேஸிஸ், ஸ்பிரிங், பிரேக், நான்கு டயர், இன்ஜினுக்கு ரிங் மட்டும் என்று எல்லாம் சேர்த்து எனக்கு 2023இல் ஆன செலவு ரூ. 86,000. குறைவான தொகை இல்லை. முன்பு பலம் ஏற்றச் செலவழித்த முப்பத்தைந்தாயிரம் இல்லாமல் இருந்திருந்தால் இதில் பாதி வேலை வந்திருக்காது என்பதுதான் ஆற்றாமை. உயர்த்திய பலகையை அறுத்து எடுத்துப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். புரோக்கர் இல்லாமல் நானே வரிசையில் நின்று எஃப்.சி. வாங்கினேன். ஒளி பிரதிபலிக்கும் சிவப்பு, வெள்ளைப் பட்டி ஒட்டவில்லை என்று ஒரு நாள் திருப்பி அனுப்பினார்கள். அது என் கவனக்குறைவு.

இப்போது நம்மவர்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். "750 கிலோவோடு தினமும் இரண்டு நடை போனால் டிரைவர் சம்பளம், நேரம், டிராபிக் எல்லாம் யார் தருவார்? பத்து நிமிஷத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனிகளோடு போட்டி போடுகிற காலத்தில் இது நடக்கிற காரியமா?" நியாயமான கேள்வி. தனிக் கடைக்காரர் ஒருவரால் இதற்கு விடை காண முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரிசி, சர்க்கரை, எண்ணெய் மூன்றும் நம் எல்லோருக்கும் வாரம் ஒரு முறை வருகிற கனமான சரக்கு. நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு 407 வண்டியை வாடகைக்கு எடுத்து, விடியற்காலையில் ஓரிடத்தில் இறக்கிக்கொண்டால், நம் குட்டி யானைக்குக் காய்கறியும் சில்லறை மளிகையும் மட்டும்தான் மிஞ்சும். எங்கள் தெருவில் மூன்று கடைக்காரர்கள் ஒன்றரை வருடமாக இப்படிச் செய்துவருகிறோம். ஆரம்பத்தில் யார் சரக்கு எந்த மில்லிலிருந்து வருகிறது என்று ஒருவருக்கொருவர் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் இருந்தது. உண்மையைச் சொன்னால், மூவரும் ஒரே மில்லில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். சேர்ந்து கேட்டதில் சிப்பத்துக்குப் பத்து ரூபாய் குறைத்தார்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். உறுப்பினர்களின் வண்டிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, எடை மேடையில் காலியாக நிறுத்தி, ஆர்.சி.யில் உள்ள எடையோடு ஒப்பிட்டு, ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், அபராதம் வேண்டாம், சீட்டு மட்டும் போதும். அந்தச் சீட்டைப் பார்க்கிற டிரைவருக்கே எத்தனை மூட்டையோடு நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். என் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு எதிரே பெயின்ட்டால் "26 கிலோ 28" என்று எழுதிவைத்திருக்கிறேன். 728 கிலோ ஆகிறது. மீதம் 22 கிலோவில் வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்புகிற கீரையும் வாழைக்காயும் வரும்.

பையனுக்குக் கை சரியாகிவிட்டது. இப்போது அவன்தான் மூட்டை எண்ணுகிறவன். இருபத்தெட்டுக்கு மேல் ஒன்று ஏற்றச் சொன்னால் என்னையே முறைக்கிறான். வண்டி காலை பத்து மணிக்கு மேல் கடை வாசலில்தான் நிற்கும். அடியில் குனிந்து ஸ்பிரிங் கட்டையும் தளத்தையும் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் தாராளமாக வரலாம்.